குரங்கிலிருந்து வந்தவனுக்கு அறம் எதற்கு? பரிணாமம், படைப்பு, நம் மாவட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவிலுள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் ஆதியாகமமும் சொல்லிக் கொடுத்தேன். அதே பிள்ளைகளில் சிலர் திங்கட்கிழமை என் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து டார்வினைப் படித்தார்கள். பத்தாம் வகுப்பில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' பாடம் தொடங்கும் வாரத்தில் என் வீட்டுக்கு ஆள் வருவது வழக்கம். பெற்றோர் வருவார்கள், சபை மூப்பர் வருவார், ஒருமுறை பக்கத்து ஊர்த் தாங்கலில் (அய்யாவழியினரின் வழிபாட்டிடத்தில்) பணிவிடை செய்யும் பெரியவர் வந்தார். அவர்கள் கேட்டதில் பாதிக்கு மேல் அறிவியல் கேள்வியே இல்லை. இதைப் படித்தால் பிள்ளை கெட்டுப்போகுமா, நாடு எந்தப் பக்கம் போகும் என்பதே அவர்கள் கவலை. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். அதனால்தான் பதில்களை எழுதி வைக்கிறேன்.

பரிணாமத்தை ஏற்றுக்கொண்டால் கடவுள் நம்பிக்கையை விட்டுவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. மனித உடலின் தோற்றம் பற்றிய பரிணாம ஆராய்ச்சியைத் திருச்சபை தடுக்கவில்லை என்று 1950-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் எழுதினார். அது கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996-இல் போப் இரண்டாம் ஜான் பால் சொன்னார். டார்வினுக்காக அமெரிக்காவில் வாதாடிய தாவரவியலாளர் ஆசா கிரே பக்தியுள்ள பிரஸ்பிட்டேரியன். பரிணாமத்தின் ஒளியில் பார்க்காவிட்டால் உயிரியலில் எதுவும் விளங்காது என்று 1973-இல் எழுதிய தியோடோசியஸ் டோப்சான்ஸ்கி கிழக்கு மரபுவழித் திருச்சபையைச் சேர்ந்தவர்.

பூமிக்கு ஆறாயிரம் வயது என்ற கணக்கு வேதத்தில் எழுதியிருப்பது அன்று. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-இல் வம்ச வரலாறுகளைக் கூட்டிப் பார்த்து, படைப்பு கி.மு. 4004-இல் நடந்தது என்றார். பாறைகள் சொல்லும் வயது ஏறக்குறைய 454 கோடி ஆண்டுகள். இன்று பிள்ளைகளின் செல்போனுக்கு வந்து சேரும் 'இளம்பூமி' வாதம் 1960-களில் அமெரிக்காவில் புதுவேகம் பெற்றது. நம் பாட்டிமார் விளக்கேற்றி ஜெபித்த விசுவாசத்துக்கு அது மூத்ததன்று.

"மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று படித்தால் பிள்ளை குரங்கைப் போலத்தானே நடக்கும், சார்?"

முதலில் ஒரு திருத்தம். இன்றிருக்கும் குரங்கு எதுவும் நம் பாட்டன் இல்லை. சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான மூதாதை ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. பெரியப்பா வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் ஒரே தாத்தா என்பதால் பெரியப்பா மகன் நமக்குத் தகப்பன் ஆகிவிட மாட்டார்.

இனி ஒழுக்கத்துக்கு வருகிறேன். ஒன்று எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி, நாம் என்ன செய்ய வேண்டும் என்பது வேறொரு கேள்வி. 'இருக்கிறது, இருக்கிறது' என்று அடுக்கிக்கொண்டே வந்து, திடீரென்று 'ஆகவே செய்ய வேண்டும்' என்று முடிப்பவர்களை ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1740-லேயே நிறுத்திக் கேள்வி கேட்டார். டார்வின் பிறப்பதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் முன்பு அது. சொந்தக்காரர் பக்கமே சாயும் குணம் பரிணாமத்தில் எப்படி வந்தது என்பதை உயிரியல் நன்றாகவே விளக்குகிறது. அதற்காகத் தேர்வுத்தாள் திருத்தும்போது என் மருமகனுக்குப் பத்து மதிப்பெண் கூட்டிப் போடலாமா?

2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்தது இயற்கைதான். கொளச்சலிலும் மணக்குடியிலும் அதைப் பார்த்த ஒருவரும், இயற்கையே மூழ்கடிக்கிறது, நாமும் மூழ்கடிக்கலாம் என்று கற்றுக்கொள்ளவில்லை. ஓடிப்போய்க் கைக்கு எட்டிய பிள்ளையைத் தூக்கினார்கள். அந்த ஓட்டத்துக்கான விதையையும் டார்வின் இயற்கையில் கண்டார் என்பதைச் சொல்லியாக வேண்டும். கூட்டமாக வாழும் விலங்குகளின் பரிவுணர்விலிருந்தே மனிதனின் அறவுணர்வு வளர்ந்தது என்று 1871-இல் விரிவாக எழுதினார்.

'வலியது வாழும்' என்பதுதானே டார்வினின் கொள்கை? பலவீனமானவரை நசுக்க அது உரிமை தராதா?

இந்தக் கேள்விக்கு முப்பத்தொரு ஆண்டுகள் பதில் சொல்லியும் எனக்கு அலுக்கவில்லை. ஏனென்றால் பிழை கேட்பவரிடம் இல்லை, நம் மொழிபெயர்ப்பில் இருக்கிறது.

'survival of the fittest' என்ற மூல ஆங்கிலத் தொடரை உருவாக்கியவர் டார்வின் அல்லர், ஹெர்பர்ட் ஸ்பென்சர். ஆண்டு 1864. டார்வின் தம் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் ஐந்தாம் பதிப்பில், 1869-இல், அதை எடுத்துக்கொண்டார். சூழலுக்குப் பொருந்துவது அதிக வாரிசுகளை விட்டுச் செல்லும் என்பதே அதன் பொருள். தமிழில் அதை 'வலியது வாழும்', 'வல்லவன் வாழ்வான்' என்று எழுதிவிட்டார்கள். வலிமை எங்கே வந்தது? டைனோசர் அழிந்தது, கரப்பான்பூச்சி இருக்கிறது. காற்றடிக்கும் சிறு தீவுகளில் இறக்கை குன்றிய வண்டுகள் கடலில் அடித்துச் செல்லப்படாமல் பிழைத்தன என்பது டார்வினே தந்த எடுத்துக்காட்டு. அங்கே குறைபாடே பொருத்தம்.

சற்றுக் கவனமாக மொழிபெயர்த்தவர்கள் 'தக்கன பிழைத்தல்' என்றார்கள். அது மேலானது. ஆனால் அதிலும் தமிழுக்கே உரிய ஒரு வழுக்கல் உண்டு. நம் மொழியில் தக்கவர் என்றால் நல்லவர், தகுதி என்றால் மதிப்பு. திருக்குறள் 'தக்கார் தகவிலர்' என்று பிரிப்பது நடுவுநிலைமையை வைத்து. ஆகவே 'தக்கன பிழைக்கும்' என்று கேட்ட பிள்ளை, பிழைத்தவன் மேலானவன் என்று தானாகவே நினைத்துக்கொள்கிறது. 'பரிணாம வளர்ச்சி' என்ற சொல்லும் அப்படித்தான். வளர்ச்சி என்றதும் ஓர் ஏணி கண்முன் நிற்கிறது, அதன் உச்சியில் நாம் நிற்கிறோம். என் வகுப்பில் அந்தச் சொல்லை எழுதவிட மாட்டேன். பரிணாமம், அவ்வளவுதான். குனிந்த குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாவதுபோல் சுவரில் தொங்கும் படத்தையும் நான் மாட்டியதில்லை. உயிர்களின் உறவு ஏணி போன்றதன்று, கிளைத்த மரம் போன்றது. இது வெறும் சொல் பிடிவாதம் என்று சக ஆசிரியர்கள் கருதினார்கள். நான் அப்படிக் கருதவில்லை. ஏணியைக் காட்டினால் நம் ஊர்ப் பிள்ளைக்கு முதலில் நினைவுக்கு வருவது சாதி.

நம் மாவட்டத்தில் சமத்துவத்தைக் கொண்டுவந்தது படைப்பு நம்பிக்கைதானே? டார்வினா தோள்சீலை வாங்கித் தந்தார்?

டார்வின் வாங்கித் தரவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை மெதுவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் மண்ணைப் போல் இதற்குப் பதில் சொல்லும் இடம் அதிகம் கிடையாது.

1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள், நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று பிரகடனம் செய்தார். அப்போதும் மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அதே ஆண்டு நவம்பர் 24 அன்று லண்டனில் டார்வினின் நூல் வெளியானது. நான்கு மாத இடைவெளி. நம் பாட்டிமார் அடிபட்டும் ஆடை கிழிக்கப்பட்டும் நின்ற பல பத்தாண்டுத் தோள்சீலைப் போராட்டத்தில் பரிணாமத்துக்கு ஒரு பங்கும் இல்லை.

அந்தப் பெண்களோடு நின்றவர்கள் லண்டன் மிஷனரிகள். 1806-இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே தொடங்கி, சார்லஸ் மீடு போன்றவர்கள் வரை, எல்லா மனிதரும் ஒரே ஆதாமின் பிள்ளைகள், எல்லாரும் தேவசாயலில் படைக்கப்பட்டவர்கள் என்று போதித்தவர்கள். அது படைப்பு நம்பிக்கையேதான். எதிர்த்தவர்கள் யார்? அவர்களும் படைப்பை நம்பியவர்கள். ஆதிபுருஷனின் வாயிலிருந்தும் தோளிலிருந்தும் தொடையிலிருந்தும் பாதத்திலிருந்தும் மனிதர் வந்தார்கள் என்பதும் ஒரு படைப்புக் கதைதானே. இறைவன் வகுத்த வரிசையை மாற்றாதே என்றார்கள். ஒரு தெருவில் ஒரு நாளில் மோதிக்கொண்ட இரண்டு பக்கமும் படைத்தவன் பெயரையே சொன்னது.

இன்னும் இருவரைச் சேர்த்துப் பாருங்கள். டார்வின் பிறந்த அதே 1809-இல், இன்றைய சாமிதோப்பில் பிறந்தவர் அய்யா வைகுண்டர். ஒடுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார், எல்லாச் சாதியாரும் புழங்க முத்திரிக் கிணறு தோண்டச் செய்தார், சேர்ந்து உண்ண வைத்தார். அதற்காகத் திருவனந்தபுரத்தில் சிறையில் கிடந்தார். அவர் வழியினர் சொல்லும் யுகங்களின் கதை ஆதியாகமத்திலிருந்து முற்றிலும் வேறுபட்டது. பூதப்பாண்டியில் 1907-இல் பிறந்த ஜீவானந்தம் கடவுள் மறுப்பாளர், பொருள்முதல்வாதி, உலகம் தானே இயங்குகிறது என்று நம்பிய கம்யூனிஸ்ட். அவரும் தம் வாழ்நாளைச் செலவிட்டது பிறப்பால் தாழ்வு சொல்வதை எதிர்த்தும் உழைப்பவர் பக்கம் நின்றும்தான்.

மிஷனரி, வைகுண்டர், ஜீவா. உலகம் எப்படித் தோன்றியது என்று இந்த மூன்று பேரையும் ஒரு மேசையில் உட்கார வைத்துக் கேட்டிருந்தால் ஒரு வாக்கியத்தில்கூட ஒத்துப்போயிருக்க மாட்டார்கள். தீண்டாமை தவறு என்பதில் பிரிந்திருக்கவும் மாட்டார்கள். முதலில் அநீதி அவர்களைச் சுட்டது. பிறகு தத்தம் கதைக்குள் கைவிட்டு, எதிர்ப்பதற்கான சொல்லை எடுத்தார்கள். இதுவே என் முடிவு. இதற்கு எதிரான சான்று யாராவது காட்டினால் மாற்றிக்கொள்வேன், ஆனால் நம் மாவட்ட வரலாற்றில் எனக்குக் கிடைக்கவில்லை.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே கலவரம் மூண்டு, துப்பாக்கிச் சூடு நடந்து, உயிர்கள் போயின. நான் அப்போது கல்லூரி மாணவன். மனிதனைக் கடவுள் படைத்தார் என்ற நம்பிக்கை இரு சமூகத்து வீடுகளிலும் இருந்தது. அந்த நம்பிக்கை யார் கையையும் பிடித்து நிறுத்தவில்லை.

ஹிட்லரின் இனவெறிக்கு டார்வின்தான் காரணம் என்கிறார்களே?

இதில் உண்மையும் கலந்திருக்கிறது, அதனால் முழுதாகத் தள்ளிவிட மாட்டேன். டார்வினின் உறவினர் பிரான்சிஸ் கால்டன் 1883-இல் 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை உருவாக்கினார். நல்ல குலத்தார் பெருக வேண்டும், மற்றவர் குறைய வேண்டும் என்பது அதன் சாரம். 1907-இல் இந்தியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தது. 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அத்தகைய சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்நாட்டில் மட்டும் 60,000-க்கும் மேற்பட்டோர் கருத்தடை செய்யப்பட்டார்கள். நாஜிகள் 1933-இல் இதே பாதையில் சட்டம் இயற்றி, அங்கிருந்து கொலைக்கூடம் வரை போனார்கள். பட்டம் பெற்ற உயிரியலாளர்களும் மருத்துவர்களும் முன்வரிசையில் நின்று கைகொடுத்தார்கள். என் துறைக்காரர்கள் செய்தது இது. நான் வெட்கப்படுகிறேன். கருத்தடைக் கொடுமையை எதிர்த்து 1930-இலேயே எழுதியவர் போப் பதினொன்றாம் பயஸ் என்பதையும் மறக்கக் கூடாது. டார்வினின் எழுத்திலேயே 'நாகரிக இனம்', 'காட்டுமிராண்டி இனம்' என்று அக்கால ஆங்கிலேயரின் மேட்டிமை தென்படுகிறது.

ஆனால் இனவெறிக்கு அவர் தேவைப்பட்டாரா? அமெரிக்க அடிமை முதலாளிகள் வேதத்தில் வரும் நோவாவின் சாபத்தைக் காட்டி அடிமைமுறையை நியாயப்படுத்தியது அவருக்கு முன்பே. புகழ்பெற்ற விலங்கியலாளர் லூயி அகாசி 1873-இல் இறக்கும்வரை பரிணாமத்தை மறுத்தவர். மனித இனங்கள் தனித்தனியாகப் படைக்கப்பட்டவை என்று வாதிட்டவரும் அவரே. எல்லா மனிதருக்கும் ஒரே மூதாதை என்ற டார்வினின் முடிவு அந்த வாதத்தின் வேரை வெட்டியது. அடிமைமுறையை டார்வின் வெறுத்தார். கப்பலில் பிரேசில் போனபோது இது குறித்துக் கேப்டன் பிட்ஸ்ராயுடன் சண்டையே போட்டார்.

படைப்புவாதிகள் எல்லாரும் வலதுசாரிகள், பரிணாமவாதிகள் எல்லாரும் முற்போக்காளர்கள். சரிதானே?

இல்லை. 1925-இல் டென்னசி மாநிலத்தில் பரிணாமம் கற்பித்த ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதித்தார்கள். அந்த வழக்கில் பரிணாமத்துக்கு எதிராக வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், ஏழை விவசாயிகளுக்காகவும் பெண்கள் வாக்குரிமைக்காகவும் போராடியவர். டார்வினை வைத்துப் போரையும் பணக்காரர் ஆணவத்தையும் நியாயப்படுத்துகிறார்களே என்பது அவருடைய கோபம். கோபம் நியாயமானது, அவர் அடித்த இடம்தான் தவறு. மறுகோடியில், கடவுளை மறுத்த சோவியத் ஆட்சி லைசென்கோவின் போலி உயிரியலைத் தூக்கிப் பிடித்து, மரபியலைத் தடை செய்தது. உலகெங்கும் விதை சேகரித்த நிக்கோலாய் வவிலோவ் 1943-இல் சரதோவ் சிறையில் மடிந்தார்.

சாதியைப் பற்றி உயிரியல் என்ன சொல்கிறது?

2009-லும் 2013-லும் வெளியான மரபணு ஆய்வுகள், இந்தியாவில் அநேகமாக எல்லாச் சமூகங்களும் இரண்டு பெரிய மூதாதைக் கூட்டங்களின் கலப்பு என்று காட்டின. ஏறத்தாழ 4,200 ஆண்டுகளிலிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை கலப்பு பரவலாக நடந்தது, பிறகே சொந்தக் கூட்டத்துக்குள் மட்டும் மணக்கும் அகமண இறுக்கம் வந்தது. 'தூய குலம்' என்பது கட்டுக்கதை.

மருத்துவாழ்மலைக் குகையில் தவமிருந்த ஸ்ரீ நாராயண குரு ஆய்வகம் எதுவும் இல்லாமலே இந்த இடத்துக்கு வந்தார். பசுவுக்குப் பசுத்தன்மை எப்படியோ அப்படியே மனிதருக்கு மனிதத்தன்மைதான் சாதி என்றார். கூடிப் பிள்ளை பெறக்கூடியவை எல்லாம் ஓரினம் என்றார். உயிரியல் பாடத்தில் 'சிற்றினம்' என்பதற்கு நாங்கள் தரும் விளக்கமும் ஏறக்குறைய அதுவே.

இருந்தும் பிள்ளைகளிடம் ஓர் எச்சரிக்கை சொல்வேன். சமத்துவத்தை மரபணுவின் மேல் கட்டாதீர்கள். நாளை ஏதோ ஓர் ஆய்வு இரு கூட்டத்தாருக்கிடையில் ஏதோ ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடித்தால் என்ன செய்வீர்கள்? ஒருவரைக் கிணற்றிலிருந்து விரட்ட அது காரணம் ஆகாது. மரபணு ஆய்வு மேல்குலப் பொய்யை உடைக்கும், அது போதும். மரியாதையை நாம்தான் கொடுக்க வேண்டும்.

பாடப்புத்தகத்திலிருந்து பரிணாமத்தை எடுத்தால் என்ன நட்டம்? நம்பாதவர் படிக்க வேண்டாமே.

2023-இல் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபும் பரிணாமமும்' என்ற பாடம் 'மரபு' என்று சுருங்கியது. 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். நம் மாநிலப் பாடநூலில் பாடம் இருக்கிறது, ஆனால் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் மத்தியப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகள் ஏராளம். பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிடுபவர்களுக்குப் பிறகு அது கண்ணிலேயே படாது.

அரசியல் விளைவு என்று உண்மையிலேயே ஒன்று உண்டென்றால் அது இங்கேதான். பரிணாமத்தை நம்பும் குடிமகன் நல்லவனாவான் என்று நான் சொல்லவில்லை. உண்மையென்று தெரிந்த ஒன்றைப் பிள்ளைக்குக் காட்டலாமா என்பதை ஆட்சியில் இருப்பவர் தீர்மானிக்கலாம் என்று ஒருமுறை விட்டுக்கொடுத்தால், அடுத்து வரலாற்றுப் பாடத்தில் தோள்சீலைக்கும் அதே கதி வரும். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976 முதல் அரசியல் சட்டத்தில், 51ஏ பிரிவில், எழுதியிருக்கிறது. பாடத்தை எடுத்துவிட்டால் அந்தக் கடமையை எதை வைத்துச் செய்வது?

இரண்டையும் சொல்லிக் கொடுத்து, பிள்ளைகளே முடிவு செய்யட்டும். அதுதானே ஜனநாயகம்?

சமயப் பாடத்தில் இரண்டையும் பேசலாம், நானே பேசியிருக்கிறேன். அறிவியல் வகுப்பில் சோதித்துப் பார்க்கக்கூடியதற்கே இடம். பென்சில்வேனியாவில் டோவர் என்ற ஊரின் பள்ளி வாரியம் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற பெயரில் படைப்புவாதத்தை நுழைத்தபோது பெற்றோர்களே வழக்குத் தொடுத்தார்கள். 2005-இல் அது அறிவியல் அன்று, சமயமே என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பளித்த நீதிபதி ஜான் ஜோன்ஸ், குடியரசுக் கட்சி அதிபர் புஷ் நியமித்தவர்.

தசாவதாரம்தானே பரிணாமம்? மாணிக்கவாசகரும் 'புல்லாகிப் பூடாய்' என்று பாடியிருக்கிறாரே?

மாணிக்கவாசகர் பாடியது ஓர் உயிர் பல பிறவி எடுத்து இளைத்த துயரம். பரிணாமம் சொல்வது தலைமுறை தலைமுறையாக இனங்கள் மாறுவது. இரண்டும் வேறு. சிவபுராணத்தை உயிரியல் குறிப்பாக்கினால் பாட்டின் கண்ணீர் வற்றிவிடும், உயிரியலுக்கும் ஒன்றும் கிடைக்காது.

நம்பினாலும் நம்பாவிட்டாலும் அன்றாட வாழ்க்கையில் என்ன மாறும்?

வீட்டிலிருந்தே தொடங்குங்கள். காய்ச்சல் என்றதும் மருந்துக்கடையில் இரண்டு ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, உடம்பு தேறியதும் நிறுத்திவிடுகிறோம். குறைந்த அளவு மருந்தில் பிழைத்த கிருமி தன்னைப் போன்றவற்றைப் பெருக்கும். பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங் 1945-இல் நோபல் உரையிலேயே இதை எச்சரித்தார். அது இயற்கைத் தேர்வு, நம் உடம்புக்குள் நடக்கிறது. வலுத்த கிருமி அடுத்த வீட்டுக் கிழவிக்குத் தொற்றும்போது அது அறப் பிரச்சினையும் ஆகிவிடுகிறது. மருத்துவர் எழுதாமல் வாங்காதீர்கள், எழுதிய நாள்வரை நிறுத்தாதீர்கள்.

ரப்பர் போட்டிருப்பவர்களுக்கு இன்னொன்று. ஆசியத் தோட்டங்களிலுள்ள ரப்பர் மரங்களில் பெரும்பாலானவை 1876-இல் பிரேசிலிலிருந்து கொண்டுபோன ஒரு தொகுதி விதைகளின் வாரிசுகள். ஒரே வகை ஒட்டுக்கன்றை மலை முழுக்க நட்டால், ஒரு நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் சேர்ந்தே வரும்.

நம் மலைகளை உடைக்கிறார்களே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மண்ணுக்கடியில் வாழும் ஊதாநிறத் தவளையை 2003-இல்தான் அறிவியல் உலகுக்கு அறிவித்தார்கள். அதன் நெருங்கிய உறவுகள் இந்தியப் பெருங்கடலுக்கு அப்பால் செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. இரண்டு நிலங்களும் ஒட்டியிருந்த காலத்துச் சாட்சி அது. அப்படிப்பட்ட மலைத்தொடரின் அடிவாரத்துக் குன்றுகளை வெட்டி டாரஸ் லாரிகளில் இரவும் பகலும் எல்லை கடத்துவதைப் பார்க்கும்போது என் நெஞ்சு எரிகிறது. பல கோடி ஆண்டுகள் எடுத்து உருவானது மீண்டும் வராது என்று பரிணாமம் சொல்கிறது. 2015-இல் போப் பிரான்சிஸ் எழுதிய சுற்றுமடல், படைப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது என்கிறது. மலைக்காக மனுக் கொடுக்கப் போகும்போது நான் இரண்டு தரப்பாரையும் கூப்பிடுவேன். வருகிறவர் உலகுக்கு எத்தனை வயது என்று நம்புகிறார் என்று கேட்க மாட்டேன்.

"என் மகள் பரிணாமப் பாடத்துக்குத் தேர்வில் பதில் எழுத மாட்டேன் என்கிறாள். அது விசுவாசத் துரோகமாம். என்ன செய்வது, சார்?"

திட்டாதீர்கள். மனசாட்சிக்காக மதிப்பெண்ணை விடத் துணிந்த பிள்ளை அவள், அந்த உறுதி பெரிது. தேர்வில் கேட்பது 'நீ என்ன நம்புகிறாய்' என்று இல்லை, 'டார்வின் என்ன சொன்னார், என்ன சான்று காட்டினார்' என்றுதான். அதை எழுதுவதில் துரோகம் எதுவும் இல்லை என்று உங்கள் சபைப் போதகர் ஐயரையே சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் சொல்வார்.

பிறகு ஒரு டிசம்பர், ஜனவரியில் அதிகாலையில் அவளைத் தேரூர்க் குளத்துக்கு அழைத்துப் போங்கள். முடிந்தால் ஒரு பைனாகுலர் எடுத்துச் செல்லுங்கள். நத்தைகுத்தி நாரையின் அலகை அவள் பார்க்க வேண்டும். மேலும் கீழும் மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும், நத்தையைக் கையாள ஏற்றபடி. பக்கத்திலேயே சேற்றைக் குத்தும் உள்ளானின் நீண்ட அலகு, பை தொங்கும் கூழைக்கடாவின் அலகு. ஏன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி என்று நீங்கள் கேட்க வேண்டாம். அவளே கேட்கும்வரை குளக்கரையில் உட்கார்ந்திருங்கள்.